நிஸியா நோட்டு

எங்கள் ஊரில் ரொட்டிக்கு இரண்டு விலை.
காசு இருப்பவருக்கு ஒரு லரி இருபது.
இல்லாதவருக்கும் அதே ஒரு லரி இருபதுதான்,
கூடவே என் முகத்தைப் பார்க்க வேண்டும்.
அந்த இரண்டாவது விலைக்குப் பெயர் நிஸியா.
அதை எழுதும் நோட்டு
கல்லாவுக்குக் கீழே, எலிப்பொறிக்குப் பக்கத்தில்.

டாக்ஸி ஓட்டும் கோச்சா: சிகரெட், சிகரெட், சோப்பு, சிகரெட்.
லமாரா டீச்சர்: சூரியகாந்தி எண்ணெய், தீப்பெட்டி.
ஓய்வூதிய நாளில் காலை ஒன்பதுக்கு வந்து
தன் பெயரைத் தானே அடித்துவிட்டுப் போவாள்,
ஸ்கேல் வைத்து.

அவ்தந்திலுக்கு மட்டும் தனிப் பக்கம்.
திராட்சை அறுத்ததும் தருகிறேன் என்பான்.
ஒன்பது வருடமாக அவன் காலண்டரில்
ஒரே மாதம், அக்டோபர்.

ஏப்ரலில் காப்பீட்டுப் பையன் வந்தான்,
சட்டையில் இஸ்திரி மடிப்பு, ஷூவில் எங்கள் சேறு.
பிரீமியத்தில் பெரும்பங்கை அரசாங்கம் கட்டும் என்றான்.
"வானத்துக்கு வாடகையா?" என்று சிரித்தான் அவ்தந்தில்.
பிறகு யாரும் பார்க்காத நேரத்தில்
சாலையோரத் தோட்டத்துக்குக் கையெழுத்துப் போட்டான்.
ஆற்றோரத்துக்குப் போடவில்லை.
கட்ட வேண்டிய மிச்சப் பணத்தை
என்னிடம்தான் கைமாற்றாக வாங்கினான்.

என்னிடம் ஏது?
என் மோதிரம் குர்ஜானி அடகுக் கடையில்,
மாதம் மூன்று வட்டி.
அந்தப் பணத்தை வட்டியில்லாமல் அவனுக்குக் கொடுத்தேன்.
கணக்குத் தெரிந்தவள் என்று ஊரில் எனக்குப் பேர்.

ஜூலை பதினேழு. ஆலங்கட்டி. ஒன்பது நிமிடம்.
தகரக் கூரைக்கு அடியில் நின்று
சத்தத்தை வைத்தே எடை போட்டேன்:
இது பட்டாணி,
இது வால்நட்,
இது என் இந்த வருட வசூல்.

அதே பையன் டேப்போடு வந்தான்.
சாலையோரத்தில் கொடி கொடியாகக் குனிந்து
சேதம் நாற்பத்தொரு சதவீதம் என்று எழுதினான்.
அந்த ஒன்று எந்தக் கொடியில் இருக்கிறது என்று
அவ்தந்தில் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறான்.
ஆற்றோரத்தில் தேட எதுவும் இல்லை.

அந்த மாதம் ஊரே நிஸியா கேட்டது.
ரொட்டி வேன்காரன் எனக்கு நிஸியா தரமாட்டான்.

கல்லறை வேலைக்குப் போனது அதனால்தான்.
இத்தாலியில், பாரி நகரத்தில்,
யார் யாருடைய அப்பாக்களையோ குளிப்பாட்டும் எங்கள் பெண்கள்
தங்கள் அப்பாக்களின் கல்லைக் கழுவ ஆள் தேடினார்கள்.
களை பிடுங்கி, தேய்த்து, படம் பிடித்து
போனில் அனுப்பினால் கல்லுக்குப் பதினைந்து லரி.
ஞாயிற்றுக்கிழமைக்கு ஆறு கல் முடியும்,
முழங்கால் ஒத்துக்கொண்டால்.

அங்கே படுத்திருப்பவர்களில் பாதிப்பேர்
என் பழைய நோட்டுகளில் இருக்கிறார்கள்.
ஷால்வாவின் தேதியில் படிந்த பாசியைச் சுரண்டும்போது
சொல்லி வைத்தேன்:
நாலு லரி எழுபது, மறந்துவிடாதே.

கோச்சாவின் மனைவி நஸிப்ரோலா
மாமியார் கல்லுக்குப் பதினைந்து அனுப்பினாள்,
கூடவே இருநூறு.
"அவன் பாக்கி இது. இனிமேல் சிகரெட் எழுதாதே."
அன்று சாயங்காலம் கோச்சா வந்து நின்றான்.
எதுவும் கேட்கவில்லை.
அலமாரியைப் பார்த்தான், தன் கையைப் பார்த்தான்.
நான் ஒரு பெட்டி எடுத்து வைத்துவிட்டு
நோட்டில் சோப்பு என்று எழுதினேன்.

செப்டம்பரில் மினிபஸ் ஏறிக் குர்ஜானி போனேன்.
மோதிரத்தைக் கண்ணாடிக்குப் பின்னால் காட்டினார்கள்.
நலமாகத்தான் இருந்தது.
வட்டியை மட்டும் கட்டிவிட்டுத் திரும்பினேன்.

நோட்டில் கடைசிப் பக்கமும் தீர்ந்திருந்தது.
அலமாரியிலிருந்து புதிதாக ஒன்று எடுத்தேன்.
விலை எண்பது தெத்ரி.
கல்லாவில் இருந்ததெல்லாம் நாளைய வேன்காரனுடையது.

முதல் வரி எழுதினேன்:
நோட்டு ஒன்று, எண்பது.
பெயர்: சியூரி.
அக்டோபரில் தருகிறாளாம்.